காமெடி எப்ப வரும்?

பழைய ஹாலிவுட் படத்தில் கதாநாயகன் மேஜை மேல் ஏறி ஆடிப்பாடி, பொத்தென்று கேக்கின் மேல் விழுந்து, ஏதோ சொன்னான். கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனைவி கொட்டாவி விட்டாள்.

"பாட்டும் டான்ஸும் பிரமாதங்க. ஆனா காமெடின்னு சொன்னீங்களே, அது எப்ப வரும்?"

"இவ்வளவு நேரம் வந்ததுக்குப் பேரு என்னவாம்? உலகமே கொண்டாடுற படம்டி! உனக்கு ரசனை இல்லைன்னு சொல்லு."

"அவங்க இங்கிலீஷ்ல என்ன பேசுறாங்களோ! கீழே தமிழ்ல போட்டிருக்கிறதைப் படிச்சா, கரன்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு."

கணவருக்குச் சுருக்கென்றது. "அதுல உள்ள நயம் உனக்கு எங்க புரியப்போகுது?"

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ரிமோட்டுக்குத் தாவினார். மனைவி முந்திக்கொண்டாள்.

"இருங்க, எழுதின புண்ணியவான் யாருன்னு பார்த்துட்டுத் திட்டுறேன்."

'தமிழ் சப்டைட்டில்' என்பதற்குக் கீழே கணவரின் பெயர் வந்து நின்றது. அவள் பாராட்டிய பிறகு சொல்லலாம் என்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம்.

மனைவி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இப்பதாங்க காமெடி வந்திருக்கு!"

படம் முழுக்க அவர் எழுதிய தமிழில் அவளைச் சிரிக்க வைத்தது, அவருடைய பெயர் ஒன்றுதான்.