கைத்தடி இல்லாமல்

"மாசம் நாலாயிரம், ஐயா. முதல் மாசமே பத்து கிலோ குறைச்சிடலாம்" என்றான் ஜிம் பயிற்சியாளன் டைட்டஸ்.

"இருக்கிறதே ஐம்பது கிலோ. பத்தை நீ எடுத்துக்கிட்டா எனக்கு என்னப்பா மிஞ்சும்?" என்று எழுபத்திரண்டு வயது செல்வநாதன் அவனை அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்த பயிற்சியாளர் ஜெனிஷா ஆறாயிரம் கேட்டாள்.

"ரெண்டாயிரம் கூடுதலா இருக்கேம்மா?"

"காரைக்கால்லேருந்து தினமும் நெரவிக்கு வரணுங்களே ஐயா. சர்க்கரை, பிரஷர் எல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டுதான் தொடங்குவேன். எங்கே, எழுந்திரிங்க, பார்ப்போம்."

கைத்தடியை ஊன்றித் தடுமாறி எழுந்தார். அவள் அவர் முழங்காலையே கவனித்தாள்.

"நீயே வாம்மா. மூணு மாசத்துல மாதா கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் நான் தடியில்லாம நடக்கணும்."

"வீட்டுல கல்யாணங்களா?"

"ஆமா. பொண்ணு கையைப் பிடிச்சு நான்தான் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"தடியோட போனா என்னங்க? யாரு என்ன சொல்லப்போறாங்க?"

"தடியை ஊன்றித் தயங்கித் தயங்கி நடந்தா, அரைமனசாத்தான் கட்டிக்கொடுக்கிறான்னு சொல்லுவாங்க. எங்க குடும்பத்துக்கு அந்தப் பேர் வேணாம்."

காபியோடு வந்த ஜெமிமாவைப் பார்த்து ஜெனிஷா சிரித்தாள். "கல்யாணப் பொண்ணு இவங்கதானா? உங்க மகளுங்களா?"

"மருமகள்" என்றார் செல்வநாதன், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "என் மகன் தவறி மூணு வருஷம் ஆச்சு. இவளுக்கு அப்பாவும் இல்லை. மாப்பிள்ளையை நான்தான் பார்த்தேன்."