ஒரு தடவை தூக்கினால் வெற்றி

"ஒரு தடவை தூக்கினா ஜெயிப்போம், ரெண்டு தடவை தூக்கினா தோப்போம். அதானேம்மா?"

கேட்டபடியே கோச் பூபாலன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாமல்லபுரத்திலிருந்து வெயிலில் பைக் ஓட்டி வந்த வேர்வை இன்னும் அடங்கவில்லை.

கட்டிலில் ஹரிகிருஷ்ணன் கண்மூடிக் கிடந்தான். அவன் உயரத்துக்குக் கட்டில் போதாமல், கால்மாட்டில் ஒரு பெஞ்சை ஒட்டிப் போட்டிருந்தாள் அவன் மனைவி ரோகிணி. 'மாமல்லை அலைகள்' கூடைப்பந்து அணியில் எதிராளியை மறித்துப் பிடிப்பதற்கு ஹரியை விட்டால் ஆள் கிடையாது. பயிற்சியில் பந்துக்கு எம்பியவன் கம்பத்தில் தலை மோதி விழுந்தான். அன்றோடு பேச்சும் போயிற்று, பார்வையும் போயிற்று.

அசைவு தெரிந்தது வலது ஆள்காட்டி விரலில் மட்டும்தான். ரோகிணி பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். கேள்வி கேட்டால் சற்று நேரம் கழித்துப் போர்வை அந்த இடத்தில் மெல்ல எழும்பும்.

"பயமா கீதும்மா," என்றார் பூபாலன். "சீசன் ஆரம்பிச்சதிலேர்ந்து இவன் சொன்னது ஒண்ணுகூடத் தப்பலை. கொச்சி டீமோட சென்டர் ஆட்டக்காரனை நம்ம பாலா பிடிச்சா ஜெயிப்போம்னான், ஜெயிச்சோம். பெங்களூரோட கார்டு ஆட்டக்காரனுக்கு நம்ம அபிஷேக்கை விட்டா தோப்போம்னான். நான் கேக்கலை, அபிஷேக்கையே விட்டேன். இன்னா ஆச்சு? துவைச்சுக் கொடியில போட்டானுங்க."

"அவர் எல்லாரோட ஆட்டமும் பார்த்தவர்தானே சார்."

"பார்த்தவன்தான். யாருக்கு யார் சரின்னு நீயும் சொல்லுவே, காலேஜுல ஆடினவதானே. ஆனா பசங்களுக்கு உதறுதும்மா. கோர்ட்டுல ஹரி நிக்கிற மூலையில ஒருத்தனும் நிக்க மாட்டேன்றான். அங்க சில்லுனு கீதாம். நேத்து அபிஷேக் ஆடிக்கினே திரும்பி, 'சரிண்ணா'ன்றான். யார்கிட்ட பேசினேடான்னு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறான்."

ரோகிணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். குவார்ட்டர்ஸ் மதிலுக்கு அப்பால் சவுக்குத் தோப்பு, அதற்கும் அப்பால் கடல். பட்டப்பகலில் ஒரு காக்கைச் சத்தம் கூட இல்லை.

பூபாலன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இன்னிக்கு ஒரு வீடியோ வேணும்மா. நாளைக்குக் காலையில கிளப் கமிட்டி. உள்ளே ஒண்ணும் இல்லை, இனிமே திரும்ப மாட்டான்னு டாக்டரு எழுதிட்டாரு. அணியிலேர்ந்து பேரை எடுத்துட்டா, நர்ஸும் வரமாட்டாங்க, பிசியோவும் நின்னுரும். அவனுக்குக் காது கேக்குது, மூளை வேலை செய்யுதுன்னு நான் காட்டணும்."

"எடுங்க சார்." ரோகிணி கையைப் போர்வைக்குள் நுழைத்தாள்.

பூபாலன் தயங்கினார். "அதில்லைம்மா... நீ கொஞ்சம் எட்ட நிக்கணும். நீ பக்கத்துல இருந்தா நம்ப மாட்டோம்ன்றானுங்க கமிட்டிக்காரனுங்க."

போர்வைக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

"நான் பிடிச்சிருந்தாத்தான் சார் அவருக்குத் தெம்பு."

"எனக்குத் தெரியாதா? அவனுங்களுக்குத் தெரியணுமே."

"காலையிலேர்ந்து அவருக்கு உடம்பு சுடுது. இன்னிக்கு வேண்டாமே."

"நாளைக்கு வந்து எடுத்துக் கமிட்டி கலைஞ்சப்புறம் காட்டறதா? ஒரே ஒரு கேள்விம்மா."

"காபி போடறேன் சார். குடிச்சிட்டு எடுக்கலாம்." பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்கு ஓடினாள்.

பாவம், பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. டிகாக்‌ஷன் ஊற்றினாள். கலந்து எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். தண்ணீர் கூஜாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, பூபாலன் ஆரம்பித்துவிட்டிருந்தார்.

"டேய் ஹரி, சனிக்கிழமை ஹைதராபாத். அந்த அத்வைத் கீறானே, ஒத்தை ஆளா ஆட்டத்தையே தூக்கிக்கினு போயிடறான். அவனுக்கு பாலாவை விட்டா ஜெயிப்போமா?"

போர்வை அசையவில்லை.

"அபிஷேக்கை விடட்டா?"

அசையவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து மறிச்சா?"

அதற்கும் அசையவில்லை. பூபாலன் திரும்பி ரோகிணியைப் பார்த்தார். "இன்னாம்மா, என் மேல கோவமா இவனுக்கு?"

அவள் டம்ளர்களோடு வாசலிலேயே நின்றாள்.

பெரிய மனுஷர் முகம் வாடிப்போனது. போனை நிறுத்தக் கையை நீட்டியவர், அழுகையைக் கிண்டலால் மறைப்பவர் போலக் கேட்டார்: "பின்ன யார்றா அவனைப் பிடிக்கிறது? நீயா வரப்போறே?"

போர்வை எழும்பியது. ஒரே ஒரு தடவை, நன்றாக.

"தூக்கிட்டான்! தூக்கிட்டாம்மா!" பூபாலன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வீடியோவுல சுத்தமா வுழுந்திருக்கு. இனி எவன் பேரை எடுக்கிறான்னு பார்க்கிறேன்! அட, நீ ஏம்மா பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறே? இத்தினி நாளா நீ பார்க்காததா?"

அவள் பார்த்ததே இல்லை. இத்தனை ஆட்டத்துக்கும் போர்வைக்குள் அந்த விரலைத் தூக்கிவிட்டது அவளுடைய கட்டைவிரல்தான்; இப்போதோ அவளுடைய இரண்டு கையிலும் காபி டம்ளர் இருந்தது.