இளந்துரு

ஜப்பானின் கனசாவா நகரில் பழைய வாள் உறுப்புகள் சேகரிப்பவர்களின் மாதக் கூட்டம். மாச்சிதா கிழவர் பட்டுத்துணியை விரித்து, வாள்பிடிக்கு மேலே கோக்கும் இரும்பு வட்டத்தை எடுத்து நீட்டுகிறார். தலைவர் ஹிராசே அதன் விளிம்பை மட்டும் பிடித்து ஜன்னல் வெயிலில் சாய்க்கிறார். துரு செக்கச்செவேலென்று மின்னுகிறது.

"துரு இன்னும் இளசா இருக்குங்க," என்கிறார் பணிவாக.

போலி என்று முகத்துக்கு நேரே சொல்லாத இவர்கள், அதற்கென்று வைத்திருக்கும் சொல் அது. மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் சிரிப்பை ஒளிக்கிறார்கள். கிழவர் மட்டும் பூரிக்கிறார்.

"இருபது வருஷமா தினமும் துடைக்கிறேனே, இருக்காதா பின்னே?" பாயில் நெற்றி பட வணங்குகிறார். "எல்லாம் உங்க கைராசி. உங்ககிட்ட வாங்கினதாச்சே."

ஹிராசே வட்டத்தைப் பட்டில் பொதிந்து, இரு கைகளாலும் திருப்பித் தருகிறார்.

"இன்னொண்ணு வந்திருக்கு. உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்."