கருவி பார்க்காதது

அது திருச்சியா, தஞ்சாவூரா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. உளவியலாளர் மங்கையர்க்கரசியின் கோபம் மட்டும் மறக்கவில்லை.

விபத்தில் மகளைப் பறிகொடுத்த பஸ் டிரைவர் தேவசகாயம் அவள் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் அவரையே கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் நெற்றியில் கட்டிய, மனநிலையை அளக்கும் கருவி, 'துக்கம் இல்லை, வேலைக்குத் தகுதி' என்றது.

"தகுதிச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடும்மா," என்றார் மனநல மையத்தின் இயக்குநர்.

"சார், வெளியில பஸ் சத்தம் கேட்டாலே அவர் ரெண்டு காதையும் பொத்திக்கிறாரு. நான் பார்த்தேன்."

"நாம என்ன கிளி ஜோசியமா பாக்குறோம்? இது சயின்ஸ்!"

"சயின்ஸ்ல முதல் வேலையே பாக்குறதுதான் சார்! நீங்க அவரை நிமிர்ந்துகூடப் பாக்கலையே!"

இயக்குநரே கையெழுத்துப் போட்டார்.

முதல் ட்ரிப்பிலேயே பஸ் பாலத்தில் மோதி தேவசகாயம் இறந்தார். எதிர்த்துப் பேசிய மங்கையர்க்கரசிக்கு வேலை போயிற்று. இயக்குநர் அங்கேயே இருக்கிறார், கருவியும்.