இன்னும் கிளம்பாத பஸ்

உத்தனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. டிரைவர் சீட் காலியாகவே இருந்தது.

ஜன்னலோரத்தில் சரஸ்வதி ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கி வீட்டுக்கே ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினால் வேலை போய்விடும். இந்த வேலைக்காக வீட்டில் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருந்தாள்!

"முதல் நாளாக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்த ரெனிட்டா.

சரஸ்வதி தலையாட்டினாள். "ரொம்பப் பயமா இருக்கு. நாளைக்குச் சேர்ந்துக்கலாமான்னு இருக்கு."

"நாளைக்கு மட்டும் பயம் இருக்காதா? நானும் அப்படித்தான் இருந்தேன். கம்பெனியில நாள் பூரா வயர் செருகணுமேன்னு நினைக்காம, ஒரே ஒரு வயரைச் செருகிப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். அப்புறம் கை தானா ஓடிச்சு."

சொல்லிவிட்டு ரெனிட்டா எரிச்சலோடு முன்னால் எட்டிப் பார்த்தாள். "பழைய டிரைவர் வேலையை விட்டு நின்னுட்டார். புதுசா வர்றவன் முதல் நாளே எங்கே போய்த் தொலைஞ்சான்? லேட்டானா கேட்டை மூடிடுவாங்க. எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் போயிடும்."

சரஸ்வதி சட்டென்று எழுந்தாள்.

"அக்கா, பயந்துகிட்டு இறங்கிடாதீங்க!"

சரஸ்வதி இறங்கவில்லை. முன்னால் போய் ஸ்வெட்டரைக் கழற்றினாள். உள்ளே காக்கிச் சட்டை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். பஸ் உறுமியது.

ரெனிட்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களையா அக்கா அப்படித் திட்டினேன்?"

"விடும்மா," என்று கியரைப் போட்டாள் சரஸ்வதி. "காலையிலிருந்து நானும் அந்த டிரைவரைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்."