ஜோதிமணி மெஸ் ஸ்டாப்

“நெல்லை மெஸ்னு எழுதிடலாங்க்கா. உங்க ஊருப் பசங்க ஃபேக்டரிக்கு ஃபேக்டரி நெறஞ்சு கெடக்கறானுங்க. பேரப் பாத்தாலே மோப்பம் புடிச்சி வந்துடுவானுங்க,” என்றான் கோவிந்தப்பன்.

போர்டு எழுதுவது அவன் தொழில். ஓசூரில் புதுசு புதுசாக ஃபேக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. கூடவே முளைத்த சின்னச் சின்னக் கடைகளுக்கெல்லாம் அவன்தான் வழிகாட்டி. ஒரு கடை ஜனங்கள் கண்ணில் பட என்னென்ன உபாயம் உண்டோ அத்தனையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் பிரஷ்ஷைக் கழுவுவான்.

பாகலூர் ரோட்டில், இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது அந்த மெஸ். கல்லாவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் சுடலைமுத்து. கடை இப்படியே போனால் மூட்டை கட்டிக்கொண்டு வள்ளியூருக்கே திரும்பிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் மனைவியோ, செத்தாலும் இந்த ஊரைவிட்டு நகரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“நெல்லையும் வேண்டாம், கொல்லையும் வேண்டாம்.” அவள் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை முந்தானையால் துடைத்து அவன் முன்னால் வைத்தாள். “இதுல வெட்டியிருக்குல்லா, அந்தப் பேர எழுதுங்க.”

தூக்கின் கழுத்தில் புள்ளி புள்ளியாக ‘ஜோதிமணி’ என்று வெட்டியிருந்தது. அவன் சுற்றிலும் பார்த்தான். தட்டு, டம்ளர், சாம்பார் வாளி எல்லாவற்றிலும் அதே பேர்.

“புருசன் பேரச் சொல்லமாட்டாங்க, சரி. சொந்தப் பேரச் சொல்லக்கூடவா வெக்கம்?” என்று சிரித்தான் கோவிந்தப்பன். “எழுதிடறேங்க்கா. ஆனா யாருய்யா இந்த ஜோதிமணின்னு வர்றவன் போறவனெல்லாம் கேப்பானே?”

“கேக்கட்டும். கேட்டா நல்லதுதான? கன்னடத்துலயும் எழுதிருங்க. மாலூர் பஸ்ஸும் இந்தப் பக்கந்தான போவுது.”

சுடலைமுத்து விருட்டென்று எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். பெயிண்டுச் செலவை நினைத்து மனுஷனுக்கு வயிறு எரிகிறது என்று எண்ணிக்கொண்டான் கோவிந்தப்பன்.

போர்டு மாட்டியும் கூட்டம் வரவில்லை. மதில் மறைத்தது. கோவிந்தப்பன் அடுத்த உபாயத்துக்குத் தாவினான்.

“போர்டு கண்ணுக்குத்தாங்க்கா. பேரு வாயில வரணும். இங்க பஸ் நிக்கிது, ஆனா ஸ்டாப்புக்குப் பேரே கெடையாது. மதில்கிட்டன்றான் ஒருத்தன், புளியமரத்துகிட்டன்றான் இன்னொருத்தன். கண்டக்டருங்களுக்கு சூடா ரெண்டு வடை குடுங்க. மெஸ் பேரயே ஸ்டாப் பேரா கூவச் சொல்லுங்க.”

அவள் மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

“பஸ்ஸுக்குப் பஸ் கூவுவாங்களா?”

“கூவுவாங்க.”

“சத்தமா?”

“மாலூரு வரைக்கும் கேக்கும்,” என்றான் கேலியாக. அவள் சிரிக்கவில்லை.

மறுநாளே வடை போயிற்று. “என்னா மெஸ்ஸுன்னு கூவறது?” என்று கேட்ட கண்டக்டர் ஆஞ்சப்பனுக்கும் அவள் தூக்குவாளியைத்தான் திருப்பிக் காட்டினாள். “அக்கா வாயத் தொறந்தா வடை கீழ வுழுந்துடும்போல,” என்று அவன் டிரைவரிடம் கண்ணடித்தான்.

ஆனாலும் தின்ற வடைக்குத் துரோகம் செய்யவில்லை. “ஜோதிமணி மெஸ், எறங்குங்க, இளிரி, திகண்டி!” என்று மூன்று பாஷையிலும் அவன் கூவியதைப் பார்த்து மற்றக் கண்டக்டர்களும் கூவினார்கள். ஷிப்டு விட்டதும் பையன்கள் வந்து மொய்த்தார்கள். வள்ளியூர்ப் பேச்சே அடங்கிவிட்டது. ஊரே அவளை ஜோதிமணியக்கா என்றது. அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

பஸ் சத்தம் கேட்டால் போதும், கரண்டியும் கையுமாக அவள் ரோட்டோரம் வந்துவிடுவாள். கண்டக்டர் கூவி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். கல்லில் தோசை கருகிக் கிடக்கும்.

“எறங்கற தலைய எண்ணத்தான் ஓடறீங்க, தெரியுது தெரியுது,” என்று கோவிந்தப்பன் சீண்டுவான். வியாபாரம் பிடித்ததும் ஆசை எப்படி ஏறுகிறது பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான்.

தை மாசம் பவுண்டரிக்காரர்கள் அங்கே ஒரு நிழற்குடை கட்டித் தங்கள் பேரைப் பொறித்தார்கள். கண்டக்டர்கள் “பவுண்டரி ஸ்டாப்” என்று மாற்றிக்கொண்டார்கள். மெஸ்ஸில் கூட்டம் ஒரு ஆள்கூடக் குறையவில்லை. அவள் மட்டும் வழக்கம்போல ரோட்டோரம் வந்து நின்றாள். பஸ் போனபிறகும் நின்றாள்.

அந்த வாரமே சுடலைமுத்து தூக்குவாளி நிறைய வடையோடு கோவிந்தப்பனின் கடைவாசலில் வந்து நின்றார்.

“தம்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொஞ்சம் வாரும். நீரு சொன்னா கண்டக்டர்மாரு கேப்பாக. பழையபடி கூவச் சொல்லணும்.”

கோவிந்தப்பனுக்கு ஆச்சரியம். “எதுக்குண்ணா? உக்கார எடமில்லாம ஜனம் நிக்கிது. ஜோதிமணியக்கா பேரு ஊரு பூரா தெரிஞ்சிபோச்சி. இனிமே கூவலன்னா என்னா?”

“அவ பேரு பேச்சியம்மா,” என்றார் சுடலைமுத்து.

கோவிந்தப்பன் தூக்குவாளியைப் பார்த்தான். அதில் வெட்டியிருந்த பேரைப் பெரியவர் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

“இது எம் மவ. மெஸ்ஸுல உள்ள பாத்திரம் பூரா அவ கலியாணத்துக்குன்னு வாங்கிப் பேர் வெட்டினது. அவ மாலூர்க்காரப் பயலோட போன அன்னைக்கு, இனிமே அந்தப் பேர ஒன் வாயால சொல்லப்பிடாதுன்னு பேச்சியம்மாவ என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ண வச்சேன். இன்னைக்கு வரைக்கும் அவ சொல்லல தம்பி, ஊர் வாயால கேட்டுக்கிட்டா.”

அவர் தூக்குவாளியை அவன் கையில் கொடுத்தார்.

“இப்ப நாலஞ்சு நாளா அந்தச் சத்தம் இல்ல. எனக்குல்லா சோறு எறங்க மாட்டேங்கு.”