ஜன்னல் கம்பிக்குப் பின்னால்

மூன்றாம் மாடி மெர்லின், பழைய கல்யாணப் போட்டோக்களின் ஓரங்களை விரித்துக் காட்டுகிற கலைஞர். போட்டோக்காரர் வெட்டியவர்கள் எல்லாம் அதில் வந்து நிற்பார்கள். கேட்டால், கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைச் சில நிமிஷம் பின்னால் ஓட்டியும் காட்டுவார். நான் மாவுச் சல்லடையைத் திருப்பித் தரத்தான் போனேன். தந்தபிறகும் நின்றது என் குணம்.

குடியிருப்புச் சங்க செக்ரெட்டரி கோபாலரத்தினத்தின் மனைவி புஷ்பலதா, 2014-இல் எடுத்த தாலி கட்டும் படத்தைக் கொடுத்திருந்தார். "என்னைப் பிடிக்காம மாமியார் கல்யாணத்துக்கே வரல. நானும் அவங்க சாவுக்குப் போகல" என்று அவர் சொல்லிக் கேட்காதவர் எங்கள் குடியிருப்பில் கிடையாது.

குழாய் கசிந்தாலே நோட்டீஸ் ஒட்டும் செக்ரெட்டரி, சோபா நுனியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் ப்ளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் விரிந்தது. சமையலறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பொட்டில்லாத ஒரு முகம். அவர் கை நிறைய அட்சதை. கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது.

புஷ்பலதா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"மாமியார் வந்திருக்காங்க. விதவைன்னு உள்ள வச்சுப் பூட்டினது யாரு? அஞ்சு நிமிஷம் பின்னால ஓட்டும்மா."

மெர்லின் ஓட்டினார். ஒரு பட்டுவேட்டி கதவை நோக்கி நடந்தது. முகம் தெரியுமுன் செக்ரெட்டரி எழுந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கினார்.

"மறுபடி மாட்ட வேணாம் மெர்லின்," என்றார் புஷ்பலதா. "அவரே சொல்லிட்டார்."